வீடு மட்டும் போதும் என்று சொல்லாதே

சாட்ஸ்வொர்த், டர்பன்
நவம்பர்

அன்புள்ள குண்டுமல்லிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. இந்தக் காலத்தில் இவள் எதற்குக் காகிதத்தில் எழுதியிருக்கிறாள் என்று உறையைக் கிழிக்கும்போதே வயிற்றில் புளியைக் கரைத்தது. உன் வீட்டுக்காரர் உன் போனை எடுத்துப் பார்க்கிறார், தமிழில் எழுதினாலும் ஒரு அமுக்கு அமுக்கி ஆங்கிலத்தில் படித்துவிடுகிறார் என்று எழுதியிருந்தாய். சரி, நானும் காகிதத்துக்கே வந்துவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் தங்கை வீட்டுக்கு வருகிறார். அவரிடமே இதையும் ஒரு பாட்டில் முருங்கைக்கீரைப் பொடியையும் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தது நான். 1997-ல் கோவில்பட்டிக்கு வந்திருந்தபோது உன் அம்மாவிடம், "அத்தை, டர்பன்காரப் பையன், குடிக்க மாட்டான், கம்பெனியில் நல்ல வேலை" என்று அளந்ததும் நான்தான். உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீ திட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிரிவது சரியா தவறா என்று நான் பேசப் போவதில்லை. 28 வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவள் நீ, உனக்குத் தெரியும். ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறாய் பார், "எனக்கு வீடு மட்டும் போதும், மற்றதையெல்லாம் அவரே வைத்துக்கொள்ளட்டும், மானத்தோடு வெளியே வந்தால் சரி" என்று. அந்த வரிக்குத்தான் இந்தக் கடிதம். மூன்று வருடத்துக்கு முன்னால் என் விவாகரத்தின்போது நானும் இதையேதான் சொன்னேன். என் வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அவருடைய பென்ஷன் ஸ்டேட்மென்டைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். நான் பார்த்ததில்லை. உன்னிடம் கேட்டாலும் அதே பதில்தான் வரும் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் காகிதமெல்லாம் ஒரு பழைய பேக்கர்ஸ் பிஸ்கட் டின்னில் கிடக்கும். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போன பிறகு அதைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தேன். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, 2009-ல் வாங்கிய ஃபிரிட்ஜின் ரசீது, பீன்ஸ் கறிக் கறையோடு தண்ணீர் பில். அவற்றுக்கு நடுவில் நாலாக மடித்த ஒரு தாள், அவருடைய பென்ஷன் ஃபண்டிலிருந்து வருடா வருடம் வருவது. கீழே இருந்த தொகை 24 லட்சம் ராண்ட். வீட்டுக் கடனான பாண்டு போக மிச்சம் என்ன நிற்கும் என்று நான் மனதில் போட்டு வைத்திருந்த கணக்கைவிட அது அதிகம். 27 வருடம் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து டப்பா கட்டிக் கொடுத்தேனே, அதில் பாதி அந்தத் தாளில்தான் இருந்தது.

உன் வீட்டுக்காரர் ஏதோ சொன்னார் என்று எழுதியிருந்தாய் இல்லையா, "நம்ம கல்யாணம் இந்தியாவில் நடந்தது, இங்கே உள்ள சட்டம் செல்லாது" என்று. அது வெறும் மிரட்டல். கல்யாணம் எந்த மண்டபத்தில் நடந்தது என்பதை வைத்து இந்த நாட்டில் சொத்தைப் பார்ப்பதில்லை. தாலி கட்டும்போது புருஷனுடைய சொந்த நாடு எது, அதைத்தான் பார்க்கிறார்கள். 1950-லேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயமாம். உன் ஆள் டர்பனில் பிறந்து டர்பனில் வளர்ந்தவர். ஆகவே கோவில்பட்டியில் மேளம் கொட்டினாலும் தென்னாப்பிரிக்கச் சட்டம்தான். கல்யாணத்துக்கு முன்னால் நோட்டரியிடம் போய் நீங்கள் தனிச்சொத்து ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. ஒப்பந்தம் இல்லையென்றால் எல்லாமே கூட்டுச் சொத்து. வீடு அவர் பேரில் மட்டும் இருந்தாலும் பாதி உன்னுடையது, உன் கையெழுத்து இல்லாமல் அதை விற்கவும் முடியாது. இந்த ஊரிலேயே கோவிலில் தாலி மட்டும் கட்டிக்கொண்டு, பதிவு செய்யாமல் விட்ட பெண்கள் இருக்கிறார்கள் தெரியுமா? அவர்கள் பாடுதான் பெரும்பாடு. நமக்கு ஊரில் பதிவு செய்தாரே உன் அப்பா, அந்தச் சான்றிதழைத் தேடி எடு.

இனி பென்ஷன். விவாகரத்து ஆகிற தேதியில் அவர் வேலையை விட்டிருந்தால் ஃபண்டிலிருந்து எவ்வளவு வந்திருக்குமோ, அதற்குத்தான் இங்கே 'பென்ஷன் இன்ட்ரஸ்ட்' என்று பேர். அது கூட்டுச் சொத்தில் சேரும். அவர் ரிட்டயர் ஆகும்வரை நீ காத்திருக்கவும் வேண்டாம். 2007-லிருந்து தனியார் ஃபண்டுகள் உன் பங்கை உடனே பிரித்துக் கொடுக்கின்றன. ஆனால் அவருக்கு இப்போது 58. முதலில் அவர் ரிட்டயர் ஆகிவிட்டால் அப்புறம் ஃபண்டிடம் போய்ப் பிரித்துக் கொடு என்று கேட்க முடியாது, அது வேறு வழக்கு. "இன்னும் இரண்டு வருஷம் பொறு, மகள் படிப்பு முடியட்டும்" என்று அவர் சொல்கிறார் என்றாயே, அந்த இரண்டு வருடம் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பார்.

என் கதையைக் கேள். தீர்ப்பு கையில் வந்த அன்று ஊருக்கெல்லாம் அல்வா கிண்டாத குறை. அதை ஃபண்டுக்கு அனுப்பினோம், திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன் தெரியுமா? தீர்ப்பில் ஃபண்டின் பேருக்குப் பதிலாக அவர் வேலை பார்த்த கம்பெனியின் பேர் டைப் ஆகியிருந்தது. ஃபண்டின் சரியான பேர், பென்ஷன் இன்ட்ரஸ்டில் எத்தனை சதவீதம், அதை ஃபண்டே எனக்குக் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவு, இந்த மூன்றும் எழுத்தில் இல்லாவிட்டால் அவர்கள் பைசா தர மாட்டார்கள். அந்த ஒரு வரியைத் திருத்த மறுபடி கோர்ட்டுக்குப் போய் ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் முறுக்கு சுட்டுத்தான் மளிகை வாங்கினேன். கல்யாணத்தைப் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்பார்களே, மூன்றாவதாக இதையும் சேர்த்துக்கொள்ளலாம். அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், வக்கீல் எழுதிய வாசகத்தை ஃபண்டுக்கே அனுப்பி, "இது உங்களுக்குச் செல்லுமா?" என்று கேட்டு வாங்கச் சொல். ஸ்டேட்மென்டின் மேலே இருக்கிற பேரை ஒரு எழுத்து விடாமல் குறித்துக்கொள்.

இன்னொன்று, 2024 செப்டம்பரிலிருந்து ஃபண்டில் போடுகிற பணத்தைச் சேமிப்பு, ஓய்வுக்காலம் என்று பிரிக்கிற 'இரண்டு பானை' முறை வந்திருக்கிறதே, சேமிப்புப் பானையிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை பணம் எடுத்துக்கொள்ளலாம். வழக்குப் போட்டதும் அதற்கான ஆதாரத்தோடு ஃபண்டுக்கு எழுது. அதற்கு அப்புறம் உன் சம்மதம் இல்லாமல் அந்தப் பானையில் அவர் கையை விட முடியாது.

பங்கு வரும்போது காசாக வேண்டுமா, வேறு ஃபண்டுக்கு மாற்றவா என்று கேட்பார்கள். பதில் சொல்ல 120 நாள் கொடுப்பார்கள். என் பங்கு 12 லட்சம். மொத்தமாகக் காசாக எடுத்தால் 2,63,700 ராண்ட் வரி போயிருக்கும். மாற்றினால் அன்றைக்கு வரி கிடையாது. என் தம்பி போனில், "எடுத்து ஊரில் ஒரு பிளாட் வாங்கிப் போடுக்கா" என்றான். நான் மாற்றிவிட்டேன்.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். அந்த வீட்டின் மேல் உனக்கு உள்ள ஆசை எனக்குத் தெரியும். பின்பக்கம் நீ வைத்த கறிவேப்பிலை, தெருவில் ஜகரண்டா பூத்துக் கொட்டிக் கிடக்கும் என்று வருடா வருடம் படம் அனுப்புவாயே. ஆனால் வீட்டுக்கு வாய் இருக்கிறதடி. பாண்டு, ரேட்ஸ் என்கிற வீட்டு வரி, தண்ணீர், கரண்ட், இன்சூரன்ஸ், மழைக்கு ஒழுகுகிற கூரை. வீட்டை எடுத்துக்கொண்டு பென்ஷனை விட்டால், வயதான காலத்தில் சுவரைச் சுரண்டியா சாப்பிடுவாய்? பாண்டில் உங்கள் இருவர் பேரும் இருந்தால் இன்னொரு வில்லங்கமும் உண்டு. "இனி அவர்தான் கட்டுவார்" என்று தீர்ப்பில் எழுதியிருந்தாலும் அது பேங்கைக் கட்டுப்படுத்தாது. அவர் கட்டாவிட்டால் உன்னிடம்தான் வருவார்கள். ஆகவே வீடு வேண்டுமென்றால் உன் ஒருத்தி பேருக்கு பேங்க் பாண்டு கொடுக்குமா என்று முதலில் கேட்டுக்கொள். கொடுக்காது என்றால் விற்றுப் பங்கு பிரிப்பதே மேல். நான் விற்றேன். முதல் மூன்று மாதம் அழுதேன். இப்போது இரண்டு அறை வீடு, பெருக்க பத்து நிமிடம்.

கடனும் கூட்டுதான், அதை மறந்துவிடாதே. எங்கள் வீட்டுக்காரர் அவர் அண்ணன் கடைக்கு ஜாமீன் போட்டிருந்தார். மனைவி எழுத்தில் சம்மதிக்காமல் அது செல்லாது என்றார் வக்கீலம்மா. நான் துள்ளிக் குதித்தேன். பார்த்தால் சம்மதக் காகிதத்தில் என் கையெழுத்து! ஒரு காலையில் தோசையைத் திருப்பிக்கொண்டே, "இங்கே போடு" என்றதும் போட்டிருக்கிறேன். நீ எதில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறாய் என்று உட்கார்ந்து யோசி. வருடத்துக்கு ஒரு தடவை கிரெடிட் ரிப்போர்ட் இலவசமாகத் தருவார்கள், உன் பேரில் வாங்கிப் பார்.

உன் அப்பா ஊரில் அந்தத் தோட்டத்தை உனக்கும் தம்பிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாரே? கூட்டுச் சொத்துக் கல்யாணத்தில் உனக்கு வருகிற பரம்பரைச் சொத்தும் பொதுவில் போய்விழும். இது மருமகனைச் சேராது, மகளுக்கு மட்டும் என்று உயிலில் ஒரு வரி இருந்தால் தப்பிக்கும். மாமா நல்ல நினைவோடு இருக்கும்போதே அந்த வரியை எழுதி வாங்கிவிடு. எப்படிக் கேட்பது என்று கூச்சப்படுவாய். தம்பியை விட்டுக் கேட்கச் சொல்.

ஜீவனாம்சம் வேண்டாம் என்று ரோஷமாக எழுதியிருக்கிறாய். நீ சமோசா விற்று வருகிற காசை வைத்து எத்தனை நாள்? விவாகரத்துத் தீர்ப்பில் ஜீவனாம்சம் என்ற பேச்சே இல்லையென்றால், நாளைக்குப் படுத்துவிட்டாலும் திரும்பிப் போய்க் கேட்க முடியாது. அதனால் சிலர் மாதம் 1 ராண்ட் என்று எழுதி வாங்கி வைக்கிறார்கள். சிரிக்காதே, அந்த ஒரு ராண்ட் இருந்தால்தான் பின்னால் கூட்டிக் கேட்கக் கதவு திறந்திருக்கும். வழக்கு நடக்கிற காலத்துச் செலவுக்கும் வக்கீல் பீஸுக்கும் இடைக்காலமாகக் கேட்கலாம். உயர்நீதிமன்றத்தில் அதை ரூல் 43 என்பார்கள், ரீஜனல் கோர்ட்டில் ரூல் 58. வக்கீலுக்குப் பணமே இல்லையென்றால் லீகல் எய்டில் விசாரி.

மருத்துவச் செலவுத் திட்டமான மெடிக்கல் எய்டில் நீ அவருக்குக் கீழேதானே இருக்கிறாய்? தீர்ப்பு வந்ததும் பொதுவாக உன் பேரை எடுத்துவிடுவார்கள். இத்தனை வருடம் இருந்ததற்குச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு 90 நாளுக்குள் வேறொன்றில் சேர்ந்துவிடு. சான்று இல்லாமல் நம் வயதில் சேர்ந்தால் மாதா மாதச் சந்தாவோடு தாமத அபராதமும் சேரும். உன் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அது தாங்காது. அப்புறம் உயில். விவாகரத்தான மூன்று மாதத்துக்குள் புது உயில் எழுது. எழுதாமல் விட்டால், மூன்று மாதம் கழிந்த பிறகு பழைய உயில் அப்படியே உயிரோடு இருக்கும், அதில் உள்ளதெல்லாம் அவருக்கே போகும்.

ஒன்றை மட்டும் செய்யாதே. கோபத்தில் கூட்டுக் கணக்கைத் துடைத்து எடுத்து அண்ணி பேரில் போடாதே. எல்லாவற்றையும் காட்டச் சொல்வார்கள், பொய் சொல்லி மாட்டினால் நீதிபதி உன்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். பென்ஷன் ஸ்டேட்மென்ட், கல்யாணச் சான்றிதழ் இரண்டையும் நகல் எடுத்துக்கொண்டு, உன் பேரில் ஒரு கணக்குத் திற. இப்போதைக்கு அது போதும்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. லிச்சி இன்னும் மூன்று வாரத்தில் பழுத்துவிடும். சின்னவன் கேப் டவுனிலிருந்து கிறிஸ்துமஸ் லீவுக்கு வருகிறான், தாடி வைத்திருக்கிறானாம். சனிக்கிழமை தமிழ் வகுப்பில் பதினோரு பிள்ளைகள். 'ழ' சொல்லச் சொன்னால் எல்லாம் நாக்கை வெளியே நீட்டுகின்றன. தைப்பூசக் காவடிக்கு நீ இங்கே வந்து என்னோடு பத்து நாள் இருந்துவிட்டுப் போ. வரும்போது அந்த ஸ்டேட்மென்டையும் கல்யாணச் சான்றிதழையும் கொண்டு வா, என் வக்கீலம்மாவிடம் கூட்டிப் போகிறேன்.

இந்தக் கடிதத்தை ஒளித்துவை. அவருக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது என்பது இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான் நமக்கு உதவுகிறது. ஆனால் எண்கள் எல்லோருக்கும் ஒன்றுதானே. 24, 12, 43 என்று பார்த்தால் போனைத் தூக்கிக் காட்டிவிடுவார். அரிசி டிரம்முக்கு அடியில் வை, அங்கே அவர் ஒருநாளும் கை வைத்ததில்லை.

உன்,
ஒல்லிக்குச்சி