மாலையைக் கழற்றிய பிறகு

செங்கோட்டை
ஜனவரி 24

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். பொங்கல் முடிந்து நீ போன பிறகு உன்னிடமிருந்து போன் இல்லை. மருமகளிடம் பேசினேன். "நல்லா இருக்காங்க மாமா, வேலை ஜாஸ்தி" என்றாள். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உன்னிடம் கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

மழையில் சரிந்த கொல்லைச் சுவரை எடுத்துக் கட்டியாயிற்று. நீ அனுப்பிய பணமே போதுமானதாக இருந்தது. தங்கச்சிக்குப் பொங்கல்படியை நான் மட்டும்தான் கொண்டுபோனேன். கரும்பு, பனங்கிழங்கு, பானை எதிலும் குறை வைக்கவில்லை. "அண்ணன் வரலையாப்பா" என்று வாசலிலேயே கேட்டாள். ஊருக்கு வந்திருந்தும் நீ அங்கே வராதது எனக்கு வருத்தம்தான். தலைவலி என்றாய். சரி.

ஜனவரி 1 அன்று காலையில் கூப்பிட்டு நீ சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. "இனிமே குடி கிடையாதுப்பா, ஆயுசுக்கும்" என்றாய். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பொங்கலன்று காலையில் காப்பி டம்ளரை நீ இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்ததைப் பார்த்தேன். டவராவில் ஊற்றி ஆற்றவில்லை. ஆற்றியிருந்தால் சிந்தியிருக்கும். குளிர் என்று அம்மாவிடம் சொன்னாய். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. குளிரில் வேர்க்குமா தம்பி?

இங்கே தெரிந்த டாக்டர் ஒருவரிடம், நம் சபரிமலைக் குழுவில் ஒரு சாமிக்கு என்று சொல்லி விசாரித்தேன். விட்டவுடன் முதல் இரண்டு மூன்று நாள்தான் நடுக்கம், வேர்வை, தூக்கமின்மை எல்லாம் கடுமையாக இருக்குமாம். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்தில் அடங்கிவிடுமாம். ஜனவரி 1-க்கும் பொங்கலுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று நீயே எண்ணிக்கொள். நான் அதற்கு மேல் எழுதவில்லை. ஆனால் ஒன்று, பல வருஷமாக உடம்புக்குப் பழகிப்போனதை ஒரே நாளில் தானாக நிறுத்தினால் சிலருக்கு வலிப்பே வந்துவிடும் என்றார். சில நாளைக்கு மாத்திரை கொடுத்து, பி1 வைட்டமினும் கொடுத்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வார்களாம். மனசில் உறுதி இல்லாததால் கை நடுங்குவதில்லை. அது உடம்பின் சங்கதி. டாக்டரைப் பார்.

உனக்கு உறுதி இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2016-ல் நீ முதல் தடவையாக மலைக்குக் கன்னிசாமியாக வந்தாயே, உனக்கு இருமுடி கட்டியவன் நான்தான். கார்த்திகை 1-ல் மாலை போட்டு 41 நாள், விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளியல், பாயில் படுக்கை, காலில் செருப்பில்லை. சரங்குத்தியில் நீ சரத்தைக் குத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது உன் முகத்தில் இருந்த தெளிச்சி எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த 41 நாளும் நீ தொடவில்லை. தொட வேண்டும் என்று தோன்றியதா என்றுகூட நான் கேட்டதில்லை.

இருமுடி கட்டுகிறவனாக எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. கழுத்தில் மாலை இருக்கும்வரை ஊரே கூட நிற்கிறது. டீக்கடைக்காரர் "வாங்க சாமி" என்கிறார், கூட்டாளிகள் கூப்பிடுவதில்லை, வீட்டில் சமையலே மாறிவிடுகிறது. முடிகிற தேதியும் தெரியும். மலையிலிருந்து வந்து தேங்காய் உடைத்து மாலையைக் கழற்றிய அன்றைக்கு ராத்திரிதான் கஷ்டம். அதுவரை சாமி என்றவர்களே அன்றைக்கு "வாடா" என்கிறார்கள். அந்த ராத்திரி எங்கே இருப்பது, யாரோடு சாப்பிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டவர்கள்தான் நம் குழுவில் தப்பியவர்கள்.

ஜனவரி 1-ல் நீ சொன்னதில் ஆயுசு இருந்தது, அன்றைக்குச் சாயங்காலம் இல்லை. கூட நிற்கவும் ஆள் இல்லை. நீ சொன்ன ஒரே ஆள் நான், நானோ செங்கோட்டையில்.

ஆயுசுக்கும் வேண்டாம், ஒரு மண்டலம் போதும். மாசி 1-ல் தொடங்கினால் மார்ச் 25-க்கு 41 நாள் ஆகிறது. மாலையும் வேண்டாம், கறுப்பு வேட்டியும் வேண்டாம். முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்கு. நடுவில் ஒரு நாள் தவறிவிட்டால் காலண்டரைக் கிழித்துப் போட்டுவிடாதே. அன்றைக்கு எங்கே இருந்தாய், யார் கூட, மணி என்ன, சம்பள நாளா, சாப்பிட்டிருந்தாயா என்று ஒரு நோட்டில் எழுது. நாள் கணக்கைவிட அதுதான் உனக்கு உதவும். வீட்டில் சாவு விழுந்தால் பாதி விரதத்தில் மாலையைக் கழற்றத்தான் செய்கிறோம். அதற்காக யாரும் மலையை விட்டுவிடுவதில்லை. அடுத்த கார்த்திகைக்கு மறுபடி போடுகிறோம்.

பெங்களூரில் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டமும் உண்டு. 1935-ல் அமெரிக்காவில் ஆரம்பித்தது, குடியை விட்டவர்களே நடத்துகிறார்கள். கட்டணம் கிடையாது, பெயரை முழுசாகச் சொல்ல வேண்டியதும் இல்லை. இன்றைக்கு ஒரு நாள் என்றுதான் அவர்களும் சொல்லிக்கொள்கிறார்கள். யாரிடமும் நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14446-க்குப் போன் பண்ணு, அது அரசாங்கத்தின் எண். ஆனாலும் டாக்டரைப் பார்ப்பதுதான் முதல்.

தங்கச்சி கல்யாணத்துக்கு நீ பட்ட கடனை ஒரு ரூபாய் பாக்கியில்லாமல் அடைத்தவன். எனக்கு வயசான காலத்தில் கொத்தனார் கூலியைப் பற்றிக்கூடக் கவலையில்லாமல் வைத்திருக்கிறாய். தெருவில் உன்னைப் பற்றிப் பேசும்போது நான் நிமிர்ந்துதான் உட்காருகிறேன். சித்தப்பா கடைசியில் எப்படிக் கிடந்தார் என்பதும் உனக்குத் தெரியும், நீதான் கூட இருந்து பார்த்துக்கொண்டாய். அவரை யாரும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவில்லை. அதனால்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் பஸ்ஸில் கிளம்பி வருகிறேன். திங்கட்கிழமை ஒரு நாள் லீவு போடு. முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு ஏதாவது இருந்தால் எடுத்து வை. டாக்டர் அறைக்குள் நான் வர வேண்டாம் என்றால் வெளியே உட்கார்ந்திருக்கிறேன், ஒன்றும் கேட்க மாட்டேன். முட்டிக்கு மருந்து வாங்க வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். மருமகளிடம் நீயே விஷயத்தைச் சொல்லிவிடு. அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

இப்படிக்கு,
அப்பா