படிவம் 6-ஐ மேசைக்கு அடியில் வை

அன்புள்ள பாப்பாவுக்கு,

உங்கள் அடுக்ககச் சங்கத்தில் வாக்காளர் சேர்ப்பு முகாம் போடுகிறார்கள், நீயும் மேசையில் உட்காரப் போகிறாய் என்றாய். நல்லதுதான், உட்கார். ஆனால் நீ இருப்பது பெங்களூரின் மகாதேவபுரா தொகுதி என்பதை மறந்துவிடாதே. 2025 ஆகஸ்ட் 7 அன்று ராகுல் காந்தி 1,00,250 கள்ள ஓட்டு என்று குற்றம் சாட்டியது இந்தத் தொகுதியைத்தான். தேர்தல் ஆணையம் அதை மறுத்து, 1960-ஆம் ஆண்டு வாக்காளர் பதிவு விதிகளில் 20(3)(பி)-யின் கீழ் கையெழுத்துப் போட்டு உறுதிமொழி கொடுங்கள் என்று கேட்டது. யார் சொன்னது சரி என்பதை விடு. அந்த ஒரு லட்சத்தை அவர் எப்படிப் பிரித்தார் என்று மட்டும் பார். இரட்டைப் பதிவு 11,965, போலி அல்லது செல்லாத முகவரி 40,009, ஒரே முகவரியில் கூட்டமாக இருப்போர் 10,452, சரியில்லாத புகைப்படம் 4,132, புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐத் தவறாகப் பயன்படுத்தியது 33,692. இந்த ஐந்துமே வாக்காளர் பட்டியலில் இருப்பதாகச் சொல்லப்பட்ட குறைகள். எல்லாம் உன்னைப்போல் ஒருவர் மேசையில் உட்கார்ந்து நிரப்பும் காகிதத்தில் ஆரம்பிக்கிறவை.

அதனால் படிவம் 6-ஐ மேசைக்கு அடியில் வை. முதலில் ஒரு கேள்வி கேள்: "இதற்கு முன்னால் எங்கேயாவது ஓட்டுப் போட்டிருக்கிறீர்களா?" ஆமாம் என்றால், அது மதுரையோ பாட்னாவோ, படிவம் 8. அதில் நான்கு கட்டங்கள் இருக்கும். முதலாவது, குடியிருப்பு மாற்றம். அதில் டிக் போட்டு, பழைய வாக்காளர் அட்டை எண்ணை எழுதினால் போதும். புதிய தொகுதியில் பெயர் ஏறும், பழைய இடத்தில் எடுக்கப்படும், அட்டை எண் மாறாது. படிவம் 6 முதல்முறை சேருகிறவர்களுக்கு மட்டும்.

பழைய ஆட்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். 2022 ஆகஸ்ட் 1 வரைக்கும் தொகுதி விட்டுத் தொகுதி மாறினால் படிவம் 6-தான், அதே தொகுதிக்குள் என்றால் 8ஏ. சங்கத்துப் பெரியவர் அந்தப் பழக்கத்தில் எல்லாருக்கும் 6-ஐ நீட்டுவார். எழுபது வயதுக்காரர் "புதிய வாக்காளர்" ஆகிப் பட்டியலில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. இன்னும் மோசம் என்னவென்றால், படிவம் 6-இன் அடியில் வேறெங்கும் என் பெயர் இல்லை என்கிற உறுதிமொழி இருக்கிறது. ஊரில் பெயரை வைத்துக்கொண்டு அதில் கையெழுத்துப் போட்டால், 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பாவம், போடுகிறவருக்கு அது தெரிந்திருக்காது.

வீட்டு எண்ணை அந்தரத்தில் விடாதே. எண் இல்லாத வீடுகளுக்குப் பட்டியலில் பூஜ்யம் விழுகிறது, பிறகு அதுவே மோசடிக்குச் சாட்சியாகத் திரையில் காட்டப்படுகிறது. பிளாக், மாடி, கதவு எண் மூன்றும் எழுதச் சொல். வாடகை அறைகளில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருப்பார்கள், போனவர் பெயரை எடுக்க யாருக்கும் நேரமில்லை, அப்படித்தான் ஒரே அறையில் பெயர்கள் குவிகின்றன.

படிவங்களை வாங்கி அடுக்கி நீயே கொண்டுபோய்க் கொடுப்பது கூடாது. சங்கமோ தனி ஆளோ மொத்தமாகக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள், குடும்பத்தாருடையதை மட்டும் சேர்த்துக் கொடுக்கலாம். அவரவர் கைபேசியில், அவரவருக்கு வரும் ஓடிபி போட்டு அனுப்பட்டும். உன் எண்ணைக் கொடுக்காதே. ஆதார் நகல் ஒன்றுகூட உன் பையில் தங்கக் கூடாது. 2022-இல் உங்கள் ஊரில் சிலுமே என்ற அமைப்பு மாநகராட்சி அனுமதியோடு வாக்காளர் விழிப்புணர்வுக்கு என்று வீடு வீடாகப் போனது. அதன் ஆட்கள் அரசு அலுவலர் அட்டையை மாட்டிக்கொண்டு விவரம் சேகரித்ததாகப் புகார் எழுந்து, வழக்கும் அதிகாரிகள் பணியிடை நீக்கமும் வரை போயிற்று. அதில் அடிபட்ட மூன்று தொகுதிகளில் உன்னுடையதும் ஒன்று.

"ஒருவர் இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும்" என்று யாராவது இலக்கு வைத்தால் எழுந்து வந்துவிடு. அமெரிக்காவில் 2008 தேர்தலை ஒட்டி ஏக்கார்ன் என்ற அமைப்பு கூலிக்கு ஆள் வைத்துப் பதிவு செய்தது. நெவாடாவில் டல்லாஸ் கவ்பாய்ஸ் கால்பந்து வீரர்கள் பெயரெல்லாம் வாக்காளராக எழுதி வந்திருந்தது. அந்த வீரர் பெயரில் யாரும் வந்து ஓட்டுப் போடப் போவதில்லை, கணக்குக் காட்டத்தான் எழுதினார்கள். ஆனாலும் அமைப்பின் மீதே நெவாடாவில் வழக்கு வந்தது.

எல்லாரும் சேர்ப்பதையே பார்க்கிறார்கள், எனக்குப் பயம் நீக்குவதில்தான். அது படிவம் 7. கலபுரகி மாவட்டத்து ஆலந்த் தொகுதியில் 2023 தேர்தலுக்கு முன் 6,018 நீக்க விண்ணப்பங்கள் இணையத்தில் வந்தன. சரிபார்த்தபோது உண்மையானவை 24. வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒருவரின் உறவினர் பெயரையே நீக்கச் சொல்லி, பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் ஒரு விண்ணப்பம். அது வெளிவந்ததால்தான் மற்றவையும் அகப்பட்டன. பிறகு 2025 செப்டம்பரில்தான் இணைய விண்ணப்பங்களுக்கு ஆதாரோடு இணைந்த மின்கையொப்பம் கொண்டுவந்தார்கள். ஆகவே முகாம் முடிந்தாலும் படிவம் 10-ஐப் பார். நீக்கக் கோரி வந்த ஆட்சேபணைகளின் பட்டியல் அது, பதிவு அலுவலர் அலுவலகத்திலும் இணையத்திலும் போடுவார்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் பகுதிக்கு உள்ள பாகம் எண்ணை மட்டும் தேடினால் ஐந்து நிமிட வேலை. தெரிந்த பெயர் இருந்தால் உடனே அவருக்குச் சொல். நீக்கியே விட்டால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு, அங்கேயும் நடக்காவிட்டால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அலுவலரிடம்.

இங்கே தமிழ்நாட்டில் 2025 டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கு மேல் பெயர்கள் விடுபட்டன, பெரும்பங்கு குடிபெயர்ந்தவர்கள். உன்னைப் போன்றவர்கள்தான். மேசையில் உட்காருவதற்கு முன் உன் பெயர் எங்கே இருக்கிறது என்று 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணுக்குப் போன் போட்டுக் கேள். ஊர்ப் பட்டியலில் இருந்தால் படிவம் 8, முதல் கட்டம். வெள்ளைப் பின்னணியில் ஒரு போட்டோவும் எடுத்து வை, புது அட்டைக்கு உதவும். கல்லூரிப் பேருந்து அட்டைக்கு எடுத்த அந்தப் பழைய படத்தைப் போடாதே, அதில் உன்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அன்புடன்,
அம்மா