மறைத்த குறிப்புகளை அழிப்பதற்கு முன் திருப்பிக் கொடுங்கள்

அனுப்புநர்:
உங்கள் உலாவியை ஒன்பது ஆண்டுகளாகப் பயன்படுத்தும் ஒரு மொழிபெயர்ப்பாளர்

பெறுநர்:
பொறுப்பாளர்,
வாடிக்கையாளர் உதவிப் பிரிவு

பொருள்: அப்டேட்டுக்குப் பிறகு புக்மார்க் குறிப்புகள் காணாமல் போனது, முகப்புப் பொத்தான் நீக்கப்பட்டது, பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாதது குறித்துப் புகார்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை கணினியைத் திறந்தபோது உங்கள் உலாவி புதிய பதிப்புக்கு மாறியிருந்தது. முதல் நாள் இரவு மூடும்போது எந்த அறிவிப்பும் வரவில்லை. காலையில் பார்த்தால் டேப்கள் உருண்டையாகியிருந்தன, மெனு இடம் மாறியிருந்தது, நிறமும் வேறு. அதெல்லாம் இரண்டு நாளில் பழகிவிடும், அதற்காக நான் கடிதம் எழுத மாட்டேன். ஒன்பது வருடத்தில் உங்கள் உலாவி பலமுறை தோற்றம் மாறியிருக்கிறது. ஒருமுறைகூட நான் புகார் செய்ததில்லை.

இந்த முறை எழுதுவதற்குக் காரணம், புக்மார்க்குகளில் இருந்த குறிப்புப் பெட்டி. ஒரு பக்கத்தைச் சேமிக்கும்போது பெயருக்குக் கீழே சின்னதாக ஒரு பெட்டி இருக்குமே, நாமாக ஏதாவது எழுதி வைத்துக்கொள்ள, அதைத்தான் சொல்கிறேன். அது இப்போது இல்லை. அதில் எழுதியவையும் கண்ணில் படவில்லை.

என் வேலை மொழிபெயர்ப்பு. ஒரு சொல்லுக்காக அரை நாள் தேடுவேன். அகராதி, பழைய கட்டுரை, யாரோ ஒரு பேராசிரியர் எப்போதோ எழுதி வைத்த விளக்கம் என்று எங்கெங்கோ போய்க் கடைசியில் கிடைக்கும். கிடைத்ததும் புக்மார்க் போட்டு, கூடவே குறிப்பும் எழுதுவேன். 'நடுவில் உள்ள பட்டியலை மட்டும் நம்பலாம், முன்னுரையில் பிழை உண்டு.' 'இந்தச் சொல்லுக்கு இங்கே தந்திருக்கும் பொருள் சட்ட ஆவணங்களுக்கு மட்டும் பொருந்தும்.' 'நீளமான பக்கம், வேண்டியது கடைசி அட்டவணையில்.' இப்படி ஏறக்குறைய 2,300 புக்மார்க்குகள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாலும் பாதிக்கு மேல் குறிப்பு எழுதியிருந்தேன். பக்கத்தின் முகவரியை எந்தத் தேடுபொறியும் திரும்பத் தேடித் தரும். அந்தப் பக்கத்தில் எதை நம்பலாம், எதை விடவேண்டும் என்பது நான் படித்து, யோசித்து, சில சமயம் தவறு செய்து கற்றுக்கொண்டது. அது வேறு எங்கும் எழுதப்படவில்லை.

புதிய பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பை முழுதும் படித்தேன். இதைப் பற்றி அதில் ஒரே ஒரு வரி இருக்கிறது: 'புக்மார்க் சாளரம் எளிமையாக்கப்பட்டுள்ளது.' அவ்வளவுதான். குறிப்புகள் நீக்கப்படுகின்றன என்றோ, வேண்டுமானால் முன்கூட்டியே நகலெடுத்துக்கொள்ளுங்கள் என்றோ ஒரு சொல்கூட இல்லை. பெட்டியை எடுப்பது வேறு, அதற்குள் ஒருவர் எழுதி வைத்ததை எடுப்பது வேறு. ஒரு பொத்தான் போனால் வேறு வழியில் வேலையை முடித்துக்கொள்ளலாம். எழுதியது போனால் திரும்ப எழுத முடியாது.

உங்கள் உதவிப் பிரிவுக்கு அன்றைக்கே எழுதினேன். முதல் பதில் சில நிமிடங்களில் வந்தது. தற்காலிகக் கோப்புகளை அழியுங்கள், நீட்சிகளை, அதாவது உலாவியில் கூடுதலாகச் சேர்த்த சின்ன நிரல்களை, நிறுத்திப் பாருங்கள், அதற்கும் சரியாகாவிட்டால் உலாவியை நீக்கிவிட்டுப் பயனர் தரவோடு சேர்த்துப் புதிதாக நிறுவுங்கள் என்றது. நான் கேட்டதற்கும் இந்தப் பதிலுக்கும் தொடர்பே இல்லை. அதுகூடப் பரவாயில்லை. பயனர் தரவை அழிக்கச் சொன்ன அந்த யோசனையை நம்பி நான் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னால்தான் புரிந்தது. அதைக் கீழே சொல்கிறேன். தரவு காணவில்லை என்று எழுதுகிறவரிடம் இருக்கிற தரவையும் அழிக்கச் சொல்லும் பதிலை, தயவுசெய்து, உங்கள் தானியங்கிப் பதில்களிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சரி, பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்று அதையும் முயன்றேன். உங்கள் தளத்திலேயே பழைய பதிப்பு இருந்தது. அதை நிறுவித் திறந்ததும், இந்தச் சுயவிவரம் (என் புக்மார்க்குகளும் அமைப்புகளும் இருக்கும் கோப்புறை) புதிய பதிப்பில் பயன்படுத்தப்பட்டது, இதைத் திறக்க முடியாது, புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி நின்றுவிட்டது. இதன் காரணம் எனக்குப் புரிகிறது. புதிய பதிப்பு தரவுத்தளத்தின் வடிவத்தை மாற்றியிருக்கும், பழையது அதில் கை வைத்தால் எல்லாமே கெட்டுப்போகலாம். பாதுகாப்புக்காகத்தான் தடுக்கிறீர்கள். ஆனால் திரும்பி வரமுடியாத வழி என்றால் போவதற்கு முன் சொல்லவேண்டாமா? தானாக நடக்கும் அப்டேட்டில் 'சம்மதம்' என்று நான் எந்த இடத்திலும் அழுத்தவில்லை.

அப்புறம் நினைவு வந்தது, 14 மாதங்களுக்கு முன் புக்மார்க்குகளை எச்டிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்திருந்தேன். அதை நோட்பேடில் திறந்தேன். ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே, 'DD' என்ற குறியீட்டுடன், என் குறிப்புகள் அப்படியே இருந்தன. நெட்ஸ்கேப் என்ற பழைய உலாவியின் காலத்திலிருந்து உலாவிகள் பயன்படுத்திவரும் அந்தக் கோப்பு வடிவத்தில், புக்மார்க்குக்கு விளக்கம் எழுத ஓர் இடம் இருக்கிறது. அந்த இடம் இன்றைக்கும் இருக்கிறது. உங்கள் புதிய பதிப்பில் ஏற்றுமதி செய்து பார்த்தேன், அந்த வரிகள் மட்டும் இல்லை.

உங்கள் இரண்டாவது பதில் நான்கு நாள் கழித்து வந்தது. இதை ஒரு மனிதர் எழுதியிருக்கிறார் என்று தெரிந்தது, அதற்கு நன்றி. அவர் இரண்டு விஷயங்கள் சொல்கிறார். குறிப்புப் பெட்டியை மிகக் குறைவானவர்களே பயன்படுத்துவதாகப் பயன்பாட்டுப் புள்ளிவிவரம் காட்டியது. பயன்படாத அந்தத் தரவு வரும் பதிப்பு ஒன்றில் நீக்கப்படும்.

முதல் விஷயம். அந்தப் புள்ளிவிவரத்தில் நான் இல்லை. பயன்பாட்டுத் தகவலை அனுப்பவேண்டாம் என்று முதல் நாளிலேயே அணைத்துவைத்தவன் நான். அப்படி அணைக்கும் வசதியைத் தந்ததும் நீங்கள்தான், உங்கள் உலாவியை நான் தேர்ந்தெடுத்ததற்கு அது ஒரு காரணம். அமைப்புகளைத் திறந்து ஒவ்வொன்றையும் தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்கிற பயனர்கள்தான் இதையும் அணைப்பார்கள், குறிப்புப் பெட்டி போன்ற வசதிகளையும் அவர்கள்தான் அதிகம் பயன்படுத்துவார்கள். கணக்கில் வராதவர்களைப் பயன்படுத்தாதவர்கள் என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். இன்னொன்று, குறிப்பு என்பது ஒருமுறை எழுதிப் பலமுறை பார்ப்பது. ஒரு மாதத்தில் இந்தப் பெட்டியில் எத்தனை பேர் எழுதினார்கள் என்று எண்ணினால் சின்ன எண்தான் கிடைக்கும்.

இரண்டாவது விஷயத்தைப் படித்தபோதுதான் திடுக்கிட்டேன். நீக்கப்படும் என்றால் இன்னும் இருக்கிறது என்றுதானே பொருள்? உடனே சுயவிவரக் கோப்புறையை வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்தேன். நிரல் எழுதும் நண்பர் ஒருவர் அந்த நகலைத் தரவுத்தளம் படிக்கும் கருவியில் திறந்து காட்டினார். என் குறிப்புகள் ஒன்றுவிடாமல் அதற்குள் இருக்கின்றன. போன மாதம் எழுதியதுகூட இருக்கிறது. அவற்றைக் காட்டும் பெட்டியை மட்டும் நீங்கள் எடுத்திருக்கிறீர்கள். உங்கள் முதல் பதிலைக் கேட்டு எல்லாவற்றையும் அழித்திருந்தால், கடைசி 14 மாதக் குறிப்புகளை என் கையாலேயே தொலைத்திருப்பேன்.

எனக்கு அந்த நண்பர் இருந்தார், என் குறிப்புகளைத் தனியே எடுத்துக் கொடுத்துவிட்டார். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆய்வு மாணவர்கள், நூலகர்கள், மருந்து விவரங்களைச் சேர்த்து வைக்கும் நோயாளிகள் என்று யார் யாரோ எழுதி வைத்திருப்பார்கள். தங்கள் குறிப்புகள் போய்விட்டன என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். இருக்கின்றன என்பதே அவர்களுக்குத் தெரியாது. உங்கள் அடுத்த பதிப்பு நான்கு வாரத்தில் வருகிறது. அதில் சுத்தம் செய்யும் வேலை நடந்தால் உண்மையாகவே போய்விடும்.

பழைய வசதிகளைக் காலமெல்லாம் சுமக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு பழைய வசதிக்கும் யாரோ நிரலைப் பராமரிக்கவேண்டும், சில வசதிகள் பாதுகாப்புக்கே ஓட்டையாகிவிடும் என்று தெரியும். இணையப் பக்கங்களில் வீடியோவும் விளையாட்டும் ஓட உதவிய ஃப்ளாஷ் போனது அப்படித்தான். ஆனால் அதை 2020 முடிவில் நிறுத்தப்போவதாக 2017 ஜூலையிலேயே அடோபி அறிவித்துவிட்டது. மூன்று வருடத்துக்கும் மேல் அவகாசம் இருந்தது. 2016-ல் குரோம், பேக்ஸ்பேஸ் விசையை அழுத்தினால் முந்தைய பக்கத்துக்குப் போகும் வழக்கத்தை எடுத்தது. படிவத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போது தெரியாமல் அழுத்தி, நிரப்பியதை எல்லாம் இழக்கிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். பழைய வழக்கம் வேண்டும் என்றவர்களுக்கு கூகுளே ஒரு நீட்சியையும் வெளியிட்டது. அங்கே பயனர் எழுதியது தொலையக்கூடாது என்பதற்காக ஒரு வசதியை எடுத்தார்கள். நீங்கள் எடுத்த வசதியோடு பயனர் எழுதியதே போகிறது.

என் அம்மாவைப் பற்றியும் சொல்லவேண்டும். அவருக்கு 71 வயது. அதே உலாவி, அதே அப்டேட். அவர் கணினியை இடம் வைத்துக் கற்றுக்கொண்டவர். 'இடது பக்கம் மேலே வீடு மாதிரி இருக்கும், எங்கே போய் மாட்டிக்கொண்டாலும் அதை அழுத்தினால் முதல் பக்கம் வந்துவிடும்' என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். புதிய பதிப்பில் அந்த வீடு இல்லை. அமைப்புகளுக்குள் மூன்று அடுக்கு போய்த் தேடி எடுத்து வைக்கவேண்டியிருக்கிறது. அன்று மாலை அம்மா தொலைபேசியில் சொன்னது, "நான் எதையோ தப்பா அழுத்திட்டேன் போல இருக்குப்பா. நீ வர்ற வரைக்கும் அதைத் தொடலை." இரண்டு நாள் கணினியை மூடியே வைத்திருந்தார். நீங்கள் மாற்றியதற்குத் தன்மேல் குற்றம் என்று நினைத்துக்கொண்டார். இது எனக்குக் குறிப்புகள் போனதைவிட அதிகமாக வலித்தது. நேரில் போய்ப் பொத்தானைத் திரும்ப வைத்துக் கொடுத்தேன். ஆனாலும் இப்போது எதை அழுத்துவதற்கு முன்பும் என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறார். ஒன்றரை வருடம் சிறுகச் சிறுக வந்த தைரியம் அது.

கிளம்பும்போது அவர் கேட்டார், இனிமேல் இந்த அப்டேட் எதுவும் வராமல் நிறுத்திவிட முடியுமா என்று. முடியும், ஆனால் செய்யக்கூடாது என்றேன். பாதுகாப்புத் திருத்தங்களும் இதே பொட்டலத்தில்தான் வருகின்றன. வங்கிக் கணக்கைப் பார்க்கும் ஒருவர் பழைய உலாவியோடு இருப்பது ஆபத்து. இதைச் சொல்லும்போதே எனக்குச் சங்கடமாக இருந்தது. ஓட்டையை அடைக்கும் திருத்தம் வேண்டும் என்றால் வீட்டுப் பொத்தானை இழக்கவும் சம்மதிக்கவேண்டும் என்று ஏன் ஒன்றாகக் கட்டி வைக்கிறீர்கள்? இரண்டையும் பிரிக்க முடியாது என்பதில்லை. ஃபயர்ஃபாக்ஸில் 2012 முதல் ஈஎஸ்ஆர் என்று ஒரு தனிப் பதிப்பு இருக்கிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்குத் தொடர்ந்து வரும், வசதிகளும் தோற்றமும் ஏறக்குறைய ஒரு வருடம் மாறாமல் இருக்கும். நிறுவனங்களையும் கல்விக்கூடங்களையும் மனதில் வைத்து ஆரம்பித்தது அது. என் அம்மாவுக்கும் அதுதான் தேவை. இப்படி ஒன்றை நீங்களும் கொடுத்தால் அப்டேட்டையே அணைத்துவிடும் எண்ணம் யாருக்கும் வராது.

நான் கேட்பது இதுதான். வரும் பதிப்பில் புக்மார்க் குறிப்புகளை அழிக்கும் வேலையை உடனே நிறுத்தி வையுங்கள். குறிப்புகளை இணைப்புகளோடு சேர்த்து ஏற்றுமதி செய்யும் வழியை, நிரல் தெரியாதவரும் செய்யும்படி, உலாவிக்குள்ளேயே கொடுங்கள். கோப்பு வடிவத்தில் அதற்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது என்று மேலே சொல்லிவிட்டேன். குறிப்பு எழுதி வைத்திருக்கும் ஒவ்வொரு பயனருக்கும், உலாவியைத் திறந்ததும் தெரியும்படி, உங்கள் குறிப்புகள் இருக்கின்றன, இந்தத் தேதிக்குள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஓர் அறிவிப்பு வரட்டும். அந்தத் தேதி குறைந்தது ஒரு வருடம் தள்ளி இருக்கட்டும். பெட்டியையே திரும்பக் கொண்டுவந்தால் எனக்கு மிகவும் மகிழ்ச்சி, ஆனால் அதை இரண்டாவதாகத்தான் கேட்கிறேன். ஏற்கெனவே நிறுவியிருப்பவர்களின் பொத்தான்களை அப்டேட் தொடக்கூடாது, புதிய அமைப்பு புதிதாக நிறுவுகிறவர்களுக்கு மட்டும் போகட்டும்.

இரண்டாவது பதிலை எழுதியவரிடமே இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தால் நல்லது. அவர் நான் கேட்டதைப் படித்துப் பதில் சொன்னவர். இத்துடன் இரண்டு கோப்புகளை இணைத்திருக்கிறேன். ஒன்று 14 மாதங்களுக்கு முன் உங்கள் உலாவி ஏற்றுமதி செய்தது, மற்றொன்று இந்த வாரம் ஏற்றுமதி செய்தது. இரண்டிலும் முதல் 20 புக்மார்க்குகள் ஒன்றேதான். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த வரிகள் இல்லை என்பது உடனே தெரியும். அடுத்த பதிப்பு வெளிவருவதற்கு முன் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் பயனர்

இணைப்பு: ஏற்றுமதிக் கோப்புகள் இரண்டு