ஆண்டறிக்கை 2024–25: ஒயின் ஷாப் விவகாரமும் மற்றவையும்

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மும்பை செம்பூரில் நம் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான செயல்பாட்டு அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். சில செய்திகள் மார்ச்சைத் தாண்டியும் போகும். நாம் தலையிட்ட விவகாரம் கணக்கு ஆண்டு முடிகிறதே என்று நிற்கவில்லை.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜூனில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கிறது. ஆசிரியருக்குக் குறையில்லை, பிள்ளைகளைத்தான் தேட வேண்டியிருக்கிறது. பொங்கல் விழா மைதான வாடகை ஏறியதால் ஒரே நாளில் முடிந்தது. கோலப் போட்டித் தீர்ப்பைப் பற்றி வந்த புகார்களை மகளிர் குழுவே பேசித் தீர்த்துக்கொண்டது. எனக்கு அதில் வாய் திறக்க அனுமதியில்லை. இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்குக் கூட்டத் தொடக்கத்திலேயே அஞ்சலி செலுத்திவிட்டோம்.

இனி, எல்லோரும் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒயின் ஷாப் விஷயம்.

மழைக்காலம் முடிந்த சமயம். நம் உறுப்பினர்கள் பலர் குடியிருக்கும் ஹவுசிங் சொசைட்டியின் (வீட்டுக்காரர்களே கமிட்டி வைத்து நடத்தும் அடுக்குமாடிக் குடியிருப்பின்) தரைத்தளத்தில், முன்பு மருந்துக் கடை இருந்த இடத்தில் வேலை நடக்க ஆரம்பித்தது. இரும்பு கிராதி வந்தது; கிராதியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு சதுர ஓட்டை. அதன் கீழே கருப்பு கிரானைட் கவுண்டர். அந்த ஓட்டையைப் பார்த்ததுமே மகளிர் குழு அக்கா ஒருவர், "இது மளிகைக் கடை இல்லை தம்பி" என்று எனக்குப் போன் செய்தார். விசாரித்ததில், வேறொரு பகுதியிலிருந்த பழைய லைசென்ஸ் இங்கே இடம் மாறி வருகிறது என்று தெரிந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மகாராஷ்டிராவில் சில்லறை ஒயின் ஷாப்புகளுக்குப் புது லைசென்ஸ் கொடுப்பதை 1970களிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆகவே நம் தெருவில் 'புதுசாக' ஒயின் ஷாப் வந்தால், அது பெரும்பாலும் எங்கோ இருந்த பழைய கடைதான். கை மாறும், இடம் மாறும், லைசென்ஸ் மட்டும் சாவதில்லை. பர்மிட் ரூம் கதை வேறு. ஹோட்டலில் உட்கார்ந்து குடிப்பதற்கான அந்த எஃப்.எல். 3 லைசென்ஸ் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது.

முதலில் மாநகராட்சியின் எம் வெஸ்ட் வார்டு ஆபீசுக்குப் போனோம். எல்லோரும் அங்கேதான் போவார்கள், ஏனென்றால் குப்பை, தண்ணீர், நடைபாதை எல்லாம் அவர்கள் பொறுப்பு. மது லைசென்ஸ் அவர்கள் பொறுப்பில்லை. ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக் கடைக்கான சுகாதார உரிமம், தீயணைப்புச் சான்று, கட்டட விதி இவற்றை மாநகராட்சி பார்க்கும். பாட்டில் விற்பதா வேண்டாமா என்பது மாநில அரசின் கலால் துறையும் கலெக்டரும் எடுக்கும் முடிவு. சரி, கார்ப்பரேட்டரைப் பிடித்துப் பேசலாம் என்றால் அவரும் இல்லை. 2022 மார்ச் 7ஆம் தேதியோடு மும்பை மாநகராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. அப்போது நடந்தது நிர்வாக அதிகாரி ஆட்சிதான். நம் தெருவுக்கு இன்னது வரலாம், வரக்கூடாது என்று சபையில் எழுந்து கேட்க ஓட்டு வாங்கிய ஓர் ஆள்கூட இல்லாத காலத்தில் இது நடந்தது என்பதை இந்த அறிக்கையில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

பிறகு பாந்த்ரா கலெக்டர் ஆபீஸ். சட்டமன்றத் தேர்தல் நேரம். நவம்பர் 20 வாக்குப்பதிவு முடியட்டும் என்றார்கள். முடிந்த பிறகு ஒரு நாள் வந்து டேப் வைத்து அளந்தார்கள். பள்ளிக்கும் கடைக்கும் நடுவில் சட்டம் கேட்கிற தூரம் இருந்தது. முனையில் இருக்கும் மாரியம்மன் கோயில் மிகப் பக்கம். ஆனால் அது டிரஸ்டாகப் பதிவு செய்யப்படாத கோயில், எனவே அளவில் சேராது என்று சொல்லிவிட்டார்கள். ஆடிக்கு நாம் கூழ் ஊற்றுகிற கோயில் அது. கோயிலைப் பதிவு செய்யச் சொல்லி முந்தைய செயலாளர் சொல்லிக்கொண்டே இருந்தார், யாரும் காதில் வாங்கவில்லை. இந்த ஆண்டு அதற்கென்று மூவர் குழு போட்டிருக்கிறோம்.

அந்த நாளில் நமக்குக் கிடைத்த ஒரே வெற்றி பெயர்ப் பலகைதான். கடைக்காரர் அவசரப்பட்டு ஒரு மராட்டியக் கோட்டையின் பெயரில் பலகை மாட்டியிருந்தார். மதுக்கடைகளுக்கும் பார்களுக்கும் மகான்கள் பெயரோ கோட்டைகள் பெயரோ வைக்கக் கூடாது என்று 2022 ஜனவரியில் மாநில அமைச்சரவை முடிவெடுத்திருக்கிறது. பலகை அன்று மாலையே இறங்கியது. கவுண்டர் அப்படியே இருந்தது.

அடுத்து வாக்கெடுப்பு. இதில்தான் உறுப்பினர்கள் பலர் நம்பிக்கை வைத்திருந்தார்கள், எனவே விரிவாகவே சொல்கிறேன். 2008ஆம் ஆண்டு அரசாணைப்படி ஒரு கிராமத்திலோ நகர வார்டிலோ உள்ள வாக்காளர்களில் 25 சதவீதம் பேர், அல்லது பெண் வாக்காளர்களில் 25 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தால், மதுக்கடை வேண்டுமா வேண்டாமா என்று ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். சீட்டில் இரண்டு படம்: நிற்கிற பாட்டில், படுத்த பாட்டில். படுத்த பாட்டிலுக்குப் போதுமான வாக்கு விழுந்தால் கடை மூடப்படும். மாநிலத்தில் பல கிராமங்களில் பெண்கள் இப்படிக் கடைகளை மூட வைத்திருக்கிறார்கள். நம்மவர்களில் திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்கள், "ஊரில் கிராம சபையில் தீர்மானம் போட்டாலும் டாஸ்மாக் அசைவதில்லை, இங்கே ஓட்டே போடலாமாம்" என்று உற்சாகமானார்கள். உற்சாகம் நியாயம்தான். ஆனால் அந்த ஆணையை எழுதியவர்கள் மனதில் இருந்தது கிராமம். மும்பையில் 227 தேர்தல் வார்டுகள். 2017 தேர்தலில் வாக்காளர்கள் 91 லட்சத்துக்கு மேல். ஒரு வார்டுக்குச் சராசரி 40,000 பேர். கால்வாசி என்றால் 10,000 கையெழுத்து. பெண்கள் மட்டும் என்றாலும் 4,000த்துக்கு மேல், அதுவும் வாக்காளர் பட்டியலோடு ஒத்துப்போகிற கையெழுத்து. மகளிர் குழு மாடி மாடியாக ஏறியதில் எழுநூற்றுச் சொச்சம் வந்தது. இதைக் குறைவு என்று யாராவது சொன்னால், லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் அவர்களோடு ஒரு நாள் ஏறிப் பார்க்கட்டும். இன்னொரு சிக்கலும் உண்டு: நடக்கிற கடையை மூடத்தான் வாக்கெடுப்பு. இன்னும் திறக்காத கடையைத் தடுக்க இல்லை. முதலில் திறக்கவிட்டு, பிறகு மூடப் போராட வேண்டும்.

ஜனவரி செயற்குழுவில் இதைப் பற்றி நடந்த பேச்சையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சங்கமே மதுவிலக்குச் சங்கமாகிவிட்டது என்று வெளியே பேச்சு. அப்படி இல்லை. மூத்த உறுப்பினர் ஒருவர் பர்ஸிலிருந்து தன் ஆயுள் பர்மிட்டை எடுத்து மேஜையில் வைத்தார். 1949 மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி இந்த மாநிலத்தில் குடிப்பதற்கு பர்மிட் வேண்டும். ஓர் ஆண்டுக்கு 100 ரூபாய், ஆயுளுக்கு 1,000 ரூபாய், உடல்நலம் பேணுவதற்காக என்று காரணமும் அதிலேயே உண்டு. "என் உடல்நலத்தில் சங்கம் தலையிடக் கூடாது" என்றார். சிரித்தோம். ஆனால் அடுத்து அவர் சொன்னது சிரிக்கும்படி இல்லை. லைசென்ஸ் கடையை விரட்டினால் லைசென்ஸ் இல்லாதவன் வருவான் என்றார். 2004 டிசம்பரில் விக்ரோலியில், 2015 ஜூனில் மாலாட் மால்வணியில் விஷச் சாராயம் குடித்துச் செத்தவர்கள் ஏழைகள். மால்வணியில் மட்டும் நூற்றுக்கு மேல். அந்த வழக்கில் நான்கு பேருக்குத் தண்டனை வந்தது 2024 மே மாதத்தில்தான்.

பர்மிட் ரூம் நடத்தும் நம் அண்ணாச்சியும் பேசினார். பொங்கல் மலருக்கு அவர் கொடுத்த பின்னட்டை விளம்பரத்தை வாங்கலாமா கூடாதா என்ற சண்டையும் அப்போதுதான் வந்தது. 2023 நவம்பரிலிருந்து பர்மிட் ரூமில் பரிமாறும் மதுவுக்கு வாட் வரி 5 சதவீதத்திலிருந்து 10 ஆகிவிட்டது, "லைசென்ஸ் கட்டணம், போலீஸ், தீயணைப்பு எல்லாம் ஒழுங்காகக் கட்டுகிறவனைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்க்கிறீர்கள்" என்றார். அவர் கடை பதினொன்றரைக்கு மேல் சத்தமில்லாமல் இருக்கும். வாசலில் யாரும் நின்று குடிப்பதில்லை. ஒயின் ஷாப்பில் பிரச்சினையே வாசல்தான். வாங்கியவன் வீட்டுக்குப் போவதில்லை, பக்கத்து மாடிப்படியில் உட்காருகிறான். இந்த வித்தியாசத்தைச் செயற்குழு ஏற்றுக்கொண்டது. விளம்பரம் வந்தது, ஆனால் ஹோட்டல் பெயரும் மீன் சாப்பாடும் மட்டும் போட்டு. எனக்கு அது சரியான முடிவாகவே பட்டது; இருவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

நிலைமை மாறியது மார்ச்சில். 11ஆம் தேதி சட்டமன்றத்தில், அப்போது துணை முதல்வராகவும் கலால் அமைச்சராகவும் இருந்த அஜித் பவார், ஹவுசிங் சொசைட்டியின் வணிகப் பகுதியில் புதிதாக மது, பீர் கடை வர வேண்டுமானால் அந்தச் சொசைட்டியின் தடையின்மைச் சான்று கட்டாயம் என்று அறிவித்தார். வார்டு வாக்கெடுப்பில் 75 சதவீதம் பேர் மூடச் சொன்னால் கடை மூடப்படும் என்றும் அதே பதிலில் சொன்னார். இரண்டாவது நமக்கு எட்டாத உயரம். முதலாவது நம் கைக்குள்ளேயே இருக்கிறது: பத்தாயிரம் பேர் வேண்டாம், சொசைட்டி பொதுக்குழு போதும்.

உடனே சொசைட்டி கமிட்டியோடு பேசினோம். இங்கே ஒரு உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் கடையின் சொந்தக்காரரும் சொசைட்டி உறுப்பினர்தான். பராமரிப்புக் கட்டணத்தை மொத்தமாக முன்கூட்டியே கட்டுகிறேன், லிஃப்டை மாற்றித் தருகிறேன் என்று அவர் தரப்பில் பேச்சு வந்தது. லிஃப்ட் ரிப்பேரில் கிடக்கும் கட்டடத்தில், நான்காவது மாடியில் வசிக்கும் பெரியவருக்கு இது சின்ன ஆசை இல்லை. பொதுக்குழுவில் காரசாரமாகப் பேச்சு நடந்தது. கடைசியில் கை தூக்கிய எண்ணிக்கையில், சான்று கொடுப்பதில்லை என்ற தீர்மானம் நிறைவேறியது. நகல் பாந்த்ராவுக்குப் போய், முத்திரையோடு நம் கோப்பில் இருக்கிறது. இது புதுக் கடையா, பழைய லைசென்ஸின் இடமாற்றம்தானா, அதற்கு இந்த விதி பொருந்துமா என்று கடைக்காரர் வாதாடுகிறார். இன்றுவரை ஷட்டர் திறக்கவில்லை.

இதையொட்டி இன்றைய கூட்டத்தின் முன் இரண்டு தீர்மானங்கள் வைக்கிறோம். தரைத்தளத்தில் கடைகள் உள்ள ஒவ்வொரு சொசைட்டியிலும் நம் உறுப்பினர்கள், மதுக்கடைக்குச் சான்று கொடுப்பதானால் கமிட்டி மட்டும் முடிவெடுக்கக் கூடாது, பொதுக்குழு முடிவு வேண்டும் என்று இந்த ஆண்டுக் கூட்டத்திலேயே பதிவு செய்யவைக்க வேண்டும். ஷட்டருக்குப் பின்னால் கிரில் ஏறிய பிறகு ஓடுவதைவிட இது சுலபம். மாநகராட்சித் தேர்தல் வரும்போது, வாக்குக் கேட்டு வரும் எல்லாக் கட்சி வேட்பாளர்களிடமும், வார்டு வாக்கெடுப்புக்கான கையெழுத்து வரம்பை நகரங்களுக்கு ஏற்றபடி குறைக்க அவர்கள் கட்சி சட்டமன்றத்தில் பேசுமா என்று எழுத்தில் கேட்க வேண்டும். கேள்வித் தாளை மகளிர் குழு தயாரித்திருக்கிறது, மராத்தியிலும் இருக்கிறது.

சந்தா பாக்கி வைத்திருப்போர் வெளியே மேஜையில் கட்டலாம், ஜிபேயும் உண்டு. வரவு செலவுக் கணக்கை இப்போது பொருளாளர் வாசிப்பார். பின்னட்டை விளம்பரத் தொகை அதில் தனி வரியாக இருக்கிறது.

நன்றி, வணக்கம்.
செயலாளர்
செம்பூர், மும்பை