பூங்காவைப் பகலிலும் திறந்து வையுங்கள்

சென்னையிலும் புறநகரிலும் இருக்கும் குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

உள்ளாட்சி கண்டுகொள்ளாமல் விட்ட எத்தனையோ பூங்காக்கள் இன்று பச்சையாக இருப்பதற்கு நீங்கள்தான் காரணம். மோட்டார் பழுதானால் கவுன்சிலரை விடாமல் கேட்பதும், ஊஞ்சல் சங்கிலி அறுந்தால் வீடு வீடாகப் பணம் திரட்டுவதும் நீங்கள்தான். அந்த உழைப்பின் மேல் மதிப்பு இருப்பதால்தான் இதை அதிகாரிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நம் பகுதிகளில் பல பூங்காக்களைக் காலை பத்து மணிவாக்கில் பூட்டி, மாலை நாலு மணிக்குத் திறக்கிறோம். அந்தப் பூட்டை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

காலையும் மாலையும் நடக்க வருகிற நமக்கு இந்த நேரம் வசதியாகவே இருக்கிறது. ஆனால் அந்த ஆறு மணி நேரத்தில் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டு வீட்டு வேலை முடிந்து மூன்றாவது வீட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிற அக்காக்கள், அடுத்த ஆர்டர் வரும்வரை வண்டியிலேயே உட்கார்ந்திருக்கும் டெலிவரி பையன்கள், விடியற்காலையில் தொடங்கிய வேலையை முடித்துவிட்டுச் சோற்றுப் பொட்டலத்தோடு நிழல் தேடும் தூய்மைப் பணியாளர்கள். வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. இவர்கள் அந்தப் பேரிடரில் தினமும் நிற்கிறார்கள். வேம்பும் புங்கையும் நிழல் தருவதோடு நிற்பதில்லை. இலை வழியே ஈரத்தை வெளியேற்றிச் சுற்றியுள்ள காற்றையும் குளிர்விக்கின்றன. டீக்கோ ஜூஸுக்கோ காசு கொடுக்காமல் ஒருவர் உட்காரக்கூடிய குளிர்ந்த இடம் நம் ஊரில் பூங்காவை விட்டால் வேறு எது? வெயில் உச்சியில் இருக்கும்போதுதான் அதைப் பூட்டி வைக்கிறோம்.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெரியவர்களையும் நினைக்க வேண்டும். 1984-ல் ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார். ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வலுவான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. மரத்தைப் பார்த்ததற்கே அவ்வளவு பலன். மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு தனியாக இருக்கும் ஒரு பெரியவருக்கு மரத்தடியும் பேச்சுத் துணையும் பதினோரு மணிக்குத்தான் தேவைப்படுகின்றன. அப்போது கேட் பூட்டியிருக்கிறது.

அடுத்தது பிள்ளைகள். ஐந்து முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கே ஓடுவது? அடுக்குமாடிப் பிள்ளைகளுக்கு வளாகத்துக்குள் கொஞ்சம் இடம் இருக்கும். பின்தெருவில் ஒற்றை அறை வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு இந்தப் பூங்காதான் மைதானம். அங்கே 'பந்து விளையாடக் கூடாது', 'புல்லில் உட்காரக் கூடாது' என்று பலகை மாட்டியிருக்கிறோம். பெரியவர்கள் மேல் பந்து படும் என்ற பயம் நியாயமானது. அதற்கு ஒரு மூலையை ஒதுக்கி வலை கட்டலாம். விளையாட்டையே தடுத்துவிட்டு, பிள்ளைகள் எந்நேரமும் மொபைலைப் பார்க்கிறார்கள் என்று வருந்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

"பராமரிப்பது நாங்கள்தானே, எங்கள் தெருக்காரர்களுக்குத்தானே முதல் உரிமை" என்று கூட்டங்களில் சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பூங்கா அப்படி நமக்கு வந்ததல்ல. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போட்டால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி ஒப்படைக்க வேண்டும். அப்போதே அது பொதுச் சொத்தாகிவிடுகிறது. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் பாதுகாக்க 1959-லேயே நம் மாநிலத்தில் தனிச் சட்டம் வந்துவிட்டது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் அங்கே குடியிருந்தவர்கள்தான். 1991-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. பூங்கா எல்லோருக்கும் பொது என்பதுதான் அந்த வெற்றிக்கு அடிப்படை. நாளை நம் பூங்காவுக்கு அப்படி ஓர் ஆபத்து வந்தால் நாமும் அதைச் சொல்லித்தான் போராட வேண்டியிருக்கும்.

சரி, பகலில் திறந்தால் குடிப்பவர்கள் வருவார்கள், காதலர்கள் வருவார்கள் என்கிறீர்கள். காதலர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகட்டும், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. குடி உண்மையான பிரச்சினைதான். ஆனால் பாட்டில் உடைவது ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில். சுற்றிலும் பெண்களும் பிள்ளைகளும் பெரியவர்களும் இருக்கும் இடத்தில் யாரும் துணிந்து பாட்டிலைத் திறப்பதில்லை. மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவைப் பாருங்கள். நடப்பவர்கள் ஒரு பக்கம், சதுரங்கம் ஆடுபவர்கள் ஒரு பக்கம். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை அங்கே பிள்ளைகள் மைக் இல்லாமல் கச்சேரி செய்வதும் வழக்கம். அந்தக் கூட்டமே அதற்குக் காவல்.

பகலில் வாட்ச்மேன் வைக்கக் கூடுதல் செலவாகும் என்பது தெரியும். அதைச் சங்கமே சுமக்க வேண்டாம். வார்டு அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள், கையெழுத்துப் போட என்னைப் போல நிறையப் பேர் வருவோம். அப்புறம், கழிப்பறைச் சாவியை அலுவலக அறைக்குள் வைத்துப் பூட்ட வேண்டாம். கழிப்பறை இல்லாத பூங்காவில் பெண்களால் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்க முடியாது. குடிநீருக்கு ஒரு குழாய் இருந்தால் போதும்.

வரும் கோடை விடுமுறையில் ஒரே ஒரு மாதம் செய்து பாருங்கள். சேதமானால் சரிசெய்ய நாங்களும் கூட வருகிறோம். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக எடுத்துக்கொண்டு, ஓட்டுக்கு விடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்களோடு தினமும் காலை நடக்கும் ஒருவர்