சனிக்கிழமை காத்மாண்டு சுற்று: வருபவர்கள் பெயர் கொடுக்கவும்

வணக்கம் நண்பர்களே! சனிக்கிழமை நமக்கு வகுப்பு எடுக்கும் வேலை இல்லை, அதனால் பசுபதிநாத் கோயில், பௌத்தநாத், சுயம்புநாத் என்ற இரண்டு புத்த ஸ்தூபிகள், மூன்றையும் பார்த்துவிடலாம். காலை 6.30க்கு விடுதி வாசலில் இருங்கள்.

1. பசுபதிநாத் மூலக்கோயிலுக்குள் இந்துக்களுக்கு மட்டும்தான் அனுமதி. மற்றவர்கள் பாக்மதி ஆற்றின் கிழக்குக் கரையிலிருந்து பார்க்கலாம். தோல் பெல்ட், பர்ஸ் வேண்டாம்.
2. ஆற்றங்கரையில் சிதை எரியும். தயவுசெய்து படம் எடுக்காதீர்கள், அது ஒரு வீட்டுத் துக்கம்.
3. பௌத்தநாத் ஸ்தூபியை வலமாகச் சுற்றுங்கள். அங்கே பாட்டிகள் தாங்களாகவே பேச்சுக் கொடுப்பார்கள், 'நமஸ்தே' என்றாலே டீ வந்துவிடும் (போன தடவை எனக்கு மூன்று கப்!).
4. சுயம்புநாத்தில் செங்குத்தான படிகள், அப்புறம் குரங்குகள். தின்பண்டம் பைக்குள் இருக்கட்டும்.

வேன் சொல்ல வேண்டும், வியாழன் இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள்.