மாடியறையைக் காலி செய்தேன்

தோ பாயோ, சிங்கப்பூர்

அன்புள்ள சேகருக்கு,

உன் மகளின் திருமணப் படங்கள் வந்து சேர்ந்தன. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வேட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்பது நீதானா என்று இரண்டு முறை பார்த்தேன். தலையில் ஒரு முடிகூட இல்லையே! உடனே பதில் எழுதாததற்கு என்னை மன்னிக்க வேண்டும். மேலே உள்ள ஊர்ப் பெயரைப் பார்த்ததும் காரணம் விளங்கியிருக்கும். ஜாலான் புசார் தெருவில், கீழே கடையும் மேலே குடியிருப்புமாக இருந்த கடைவீட்டின் மாடியறையைச் சென்ற மாதம் காலி செய்துவிட்டேன்.

இருபத்து நான்கு ஆண்டுகள் அங்கே இருந்திருக்கிறேன். வீட்டுக்காரர் காலமானபின் அவருடைய பிள்ளைகள் கட்டடத்தை ஒரு நிறுவனத்துக்கு விற்றார்கள். முகவர் ஒருவர் வந்து, காலணியைப் படிக்கட்டின் அடியிலேயே கழற்றிவிட்டு மேலே ஏறி, மிகுந்த மரியாதையோடு ஒரு கடிதத்தைக் கொடுத்தார். இரண்டு மாத அவகாசம். நான் கட்டிவந்த மாத வாடகை 950 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். கூடுதலாகத் தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். மாடியில் இனி யாரையும் குடிவைக்கப் போவதில்லை, வடிவமைப்பு அலுவலகம் ஒன்று வரப்போகிறது என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் குரலில் இருந்த பரிவுதான் எரிச்சலூட்டியது.

தெருவை இப்போது பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது என்று எழுத நினைத்தேன்; ஆனால் அது உண்மையன்று, அடையாளம் நன்றாகவே தெரியும். முகப்பு, ஓட்டுக்கூரை, மரச் சன்னல், ஐந்தடி நடைபாதை எல்லாம் பாதுகாக்கப்பட்டவை. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதியில்லாமல் யாரும் அவற்றில் கை வைக்க முடியாது. நாம் தாழ்ப்பாளும் திருகாணியும் வாங்கிய இரும்புச் சாமான் கடைகளின் வரிசையில் இன்று காப்பிக்கொட்டை வறுக்கிறார்கள், ஒரு கோப்பை ஏழு வெள்ளி. பழைய பெயர்ப்பலகையை மட்டும் துடைத்து மெருகேற்றி அப்படியே மாட்டி வைத்திருக்கிறார்கள். சுவருக்குக் கொடுத்த பாதுகாப்பில் நூற்றில் ஒரு பங்கை உள்ளே குடியிருப்பவனுக்குக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றாமல் இல்லை. 2023 ஏப்ரலில் வெளிநாட்டவர் வீடு வாங்குவதற்கான கூடுதல் முத்திரை வரியை 60 விழுக்காடாக உயர்த்தினார்கள். முழுக்க வணிகப் பயன்பாட்டுக்குரிய கடைவீடுகளுக்கு அந்த வரி கிடையாது என்பதால், பணம் படைத்தவர்களின் பார்வை நம் தெரு போன்ற இடங்களின்மேல் விழுந்ததில் வியப்பில்லை.

புலம்பலுக்காக இதை எழுதவில்லை. காலி செய்த நாளிலிருந்து வேறொன்று மனத்தை அரிக்கிறது. அந்த அறை நமக்கு எப்படிக் கிடைத்தது என்பது உனக்கு நினைவிருக்கிறதா? 1947 முதல் நடப்பில் இருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 2001-இல் நீக்கினார்கள். அதற்குமுன் அந்த அறையில் இருந்தவர், நடைபாதையில் உட்கார்ந்து சாமிக்கு எரிக்கும் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்த சீனப் பாட்டி. அவர் கொடுத்துவந்த வாடகை முப்பது வெள்ளியோ என்னவோ. நாம் 380 வெள்ளி தருவதாகச் சொன்னோம். அந்தக் காலத்தில் அது நமக்குப் பெரிய தொகைதான், என்றாலும் பாட்டியை அனுப்பிவைக்க அது போதுமானதாக இருந்தது. அவருடைய மூட்டைகளை நீதான் தோளில் சுமந்து லாரியில் ஏற்றினாய். அவர் உனக்கு இரண்டு ஆரஞ்சுப் பழங்களைக் கொடுத்தார். நாம் அவற்றை அன்றிரவே உரித்துத் தின்றோம். அவர் எங்கே போகிறார் என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அவருடைய சாமி மாடம் இருந்த இடத்தில் ஊதுபத்திப் புகை படிந்து, ஆள் உயரத்துக்குக் கறுப்பாக ஒரு பட்டை இருந்ததல்லவா? மூன்று முறை வெள்ளையடித்தும் ஆறு மாதத்தில் அது மஞ்சளாக மேலே ஊறி வந்துவிடும். அதன் உச்சியில் அவர் அடித்திருந்த ஆணியில்தான் இத்தனை ஆண்டுகளாக என் பழனி முருகன் படம் தொங்கியது. படத்தைக் கழற்றியபின் ஆணியையும் பிடுங்கக் குறடை வைத்தேன்; பிறகு என்ன நினைத்தேனோ, விட்டுவிட்டேன்.

சொந்தமாக வீடு வாங்கியிருக்கக் கூடாதா என்று நீ கேட்பாய். நிரந்தரவாசியாக இருந்துகொண்டு தனியாளாக வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு வாங்க வழியில்லை. குடியுரிமை எடுத்திருந்தால் முப்பத்தைந்து வயதுக்குமேல் மறுவிற்பனை வீடாவது கிடைத்திருக்கும். அடுத்த பொங்கலுக்கு ஊருக்கே திரும்பிவிடுவோம் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்; அந்தக் குற்றத்தை எந்த நிறுவனத்தின் தலையிலும் கட்ட முடியாது.

இப்போது இருப்பது ஒரு மலாய்க் குடும்பத்தின் நான்கறை வீட்டில் ஓர் அறை. மாதம் 1,050 வெள்ளி. 2022-ஆம் ஆண்டில் மட்டும் தனியார் வீட்டு வாடகை ஏறத்தாழ 30 விழுக்காடு ஏறிய ஊரில் இதைக் குறை சொல்ல முடியாது. அந்த அம்மாள் நல்லவர். நான் சைவம் என்று தெரிந்து, எனக்கென்று தனிச் சட்டி ஒன்றை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார். லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா சந்தைக்குப் போய்க் கறிவேப்பிலை வாங்குவதுதான் இப்போது ஒரு பயணமாகிவிட்டது. முன்பு சட்டியை அடுப்பில் வைத்துவிட்டுப் போய் வாங்கி வருவேன்.

ஒரு செய்தி பாக்கி. 2003-இல் நீ ஊர் திரும்பியபோது கட்டிலுக்கடியில் விட்டுப்போன பச்சைத் தகரப் பெட்டியை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறேன். நல்ல கனம், அசைத்தால் உள்ளே ஏதோ உருளுகிறது. கட்டிலுக்கடியில் இங்கே இடம் போதவில்லை, அது கதவை முழுதாகத் திறக்க விடாமல் மறிக்கிறது. சாவி உன்னிடம் இருக்கிறதா, அல்லது பூட்டை உடைத்துவிடட்டுமா என்று எழுது.

அன்புடன்,
உன் மாடியறைத் தோழன்